பிளாக்கா - ஒரு கடலோரக் கிராமமும் அதன் எதிரே ஒரு தீவும்

"பிளாக்காவில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, அங்கே போய் இரண்டு நாள் என்ன செய்யப் போகிறோம்?" என்று என் அறை நண்பன் பஸ்ஸில் ஏறும்வரை புலம்பிக்கொண்டே வந்தான். அவன் சொன்னது ஒருவகையில் சரிதான். செமஸ்டர் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. செப்டம்பர் கடைசி. மலிவான விமான டிக்கெட் கிடைத்ததே என்று கிரீட் தீவுக்குக் கிளம்பிவிட்டோம். கிரேக்கத் தீவு என்றதும் காலண்டர்களில் வருமே, வெள்ளை வீடும் நீலக் கூரையும், அது சாண்டோரினி. நாங்கள் போனது அதற்குத் தெற்கே இருக்கும், கிரேக்கத்திலேயே பெரிய தீவு. பிளாக்கா அதன் கிழக்குப் பக்கத்தில், லசிதி மாவட்டத்தில் இருக்கிறது.

ஹெராக்லியன் நகரத்திலிருந்து கிழக்கே 65 கிலோமீட்டர் போனால் அயியோஸ் நிகோலாஸ் என்று ஒரு சிறு பட்டணம். அங்கே பஸ் மாறி எலுந்தா. எலுந்தாவிலிருந்து கடற்கரையை ஒட்டியே இன்னும் 5 கிலோமீட்டர். அவ்வளவுதான், பிளாக்கா வந்துவிடும். வந்ததே தெரியாமல் தாண்டியும் போய்விடலாம். ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் கல் வீடுகள். கீழே கூழாங்கல் கரை. மணல் கிடையாது, செருப்பில்லாமல் நடந்தால் பாதம் பதம் பார்க்கப்படும். சின்னத் துறை, அதில் கட்டிக்கிடக்கும் சில படகுகள், மீன் பொரிக்கும் நாலைந்து சாப்பாட்டுக் கடைகள், பூனைகள். கடைகளைவிடப் பூனைகள் அதிகம். பின்னால் மொட்டைப் பாறை மலை. முன்னால் கடல்.

கடலில்தான் அது இருக்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல, சுற்றிலும் கோட்டைச் சுவரோடு ஒரு குட்டித் தீவு. பெயர் ஸ்பினலோங்கா. மொத்தப் பரப்பே சுமார் 8.5 ஹெக்டேர், அதாவது 21 ஏக்கர். எங்கள் ஊர் ஏரியை வற்ற வைத்தால் அதற்குள் இந்தத் தீவு நாலைந்து அடங்கும்.

பிளாக்காவில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தத் தீவுதான் கண்ணில் படும். திரும்பி உட்கார்ந்தாலொழிய தப்பிக்க முடியாது. இந்த ஊர்க்காரர்கள் 1904 முதல் 1957 வரை இதைப் பார்த்துக்கொண்டே மீன் பிடித்தார்கள், வலை காயவைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். எதிரே இருந்தது கிரேக்க நாட்டின் தொழுநோய்க் குடியிருப்பு.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

இந்தத் தீவுக்கு ஸ்பினலோங்கா என்ற பெயர் வந்ததே ஒரு காதுக் குழப்பம் என்கிறார்கள். உள்ளூர் மக்கள் கிரேக்கத்தில் 'எலுந்தாவுக்கு' என்று சொன்னதை வெனிஸ்காரர்கள் தங்கள் காதுக்குத் தகுந்தபடி 'ஸ்பினா லோங்கா', நீண்ட முள், என்று பிடித்துக்கொண்டார்கள். திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆன கதைதான்.

வெனிஸ் குடியரசு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிரீட்டைப் பிடித்துவிட்டது. வியாபாரிகளின் அரசு என்பதால் எதை விட்டாலும் துறைமுகத்தையும் உப்பையும் விடமாட்டார்கள். எலுந்தாவில் உப்பளம் இருந்தது. 1571இல் சைப்ரஸ் துருக்கியரிடம் போனது. அடுத்தது கிரீட்தான் என்று தெரிந்துபோயிற்று. 1579இல் ஸ்பினலோங்காவில் கோட்டை எழும்பத் தொடங்கியது, பழைய ஒலூஸ் நகரத்துக் காவல் அரணின் இடிபாடுகள்மேல். ஒலூஸின் பெரும்பகுதி இப்போது கடலுக்கடியில் கிடக்கிறது. எலுந்தா பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் சுவர்க் கோடுகள் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை, காற்று அதிகம்.

துருக்கியர் வந்தார்கள். கிரீட்டின் தலைநகரான காண்டியாவை, அதாவது இன்றைய ஹெராக்லியனை, 21 வருஷம் முற்றுகையிட்டு 1669இல் பிடித்தார்கள். 21 வருஷம்! முற்றுகை தொடங்கியபோது பிறந்த குழந்தை முடிவதற்குள் தாடி வளர்ந்து தானே சண்டைக்குப் போயிருக்கும். அதன்பிறகும் மூன்று தீவுக் கோட்டைகளை மட்டும் வெனிஸ் கையில் வைத்திருந்தது. கிராம்வூசா, சூதா, ஸ்பினலோங்கா. கிராம்வூசா சீக்கிரமே போய்விட்டது. மற்ற இரண்டும் 1715 வரை தாக்குப்பிடித்தன. சுற்றியுள்ள ஊரெல்லாம் எதிரி கையில், நடுக்கடலில் ஒரு பாறையை மட்டும் 46 வருஷம் கட்டிக்காத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கோட்டை அவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பின்னால் தேவைப்படும்.

1715க்குப் பிறகு முஸ்லிம் குடும்பங்கள் அங்கே குடியேறின. வெனிஸ் அடித்தளத்தின் மேலேயே வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரம் பேருக்குமேல் வாழ்ந்த ஊர் அது. வியாபாரம், கப்பல், கடைத்தெரு எல்லாம் இருந்தது. கிரீட்டில் கிறித்தவர்கள் துருக்கிய ஆட்சிக்கு எதிராகத் திரும்பத் திரும்பக் கிளர்ந்தபோது, சுற்றியுள்ள கிராமங்களின் முஸ்லிம்களுக்கு இந்தக் கோட்டை பாதுகாப்பான இடமாகவும் இருந்தது. 1898இல் வல்லரசுகளின் தலையீட்டால் கிரீட் தன்னாட்சி நாடானது. கிரேக்க இளவரசர் ஜார்ஜ் ஆணையராக வந்தார். ஸ்பினலோங்காவின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆசியா மைனருக்குக் கப்பல் ஏறின. எல்லோரும் போகவில்லை. மிச்சமிருந்தவர்களை என்ன செய்வது?

அங்கேதான் கிரீட் அரசு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தது. கிரீட்டின் நகரங்களுக்கு வெளியே தொழுநோயாளிகள் குடிசை போட்டு வாழ்ந்த சேரிகள் இருந்தன. அவற்றுக்கு 'மெஸ்கினியா' என்று பெயர். ஊருக்குள் வேலை கிடையாது, சொத்து கிடையாது. வழிப்போக்கர்களிடம் கையேந்தித்தான் பிழைப்பு. அவர்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த இடம் ஸ்பினலோங்கா என்று 1903இல் முடிவானது. பக்கத்து வீட்டுக்குத் தொழுநோயாளிகள் வரப் போகிறார்கள் என்றதும் எஞ்சியிருந்த முஸ்லிம் குடும்பங்களும் வீட்டைக் காலி செய்துவிட்டன. ஒரு துப்பாக்கிக் குண்டு செலவில்லை. வீடுகளும் தயாராகக் கிடைத்தன. 1904 அக்டோபரில் முதல் கூட்டமாக 251 பேர் கொண்டுவரப்பட்டார்கள். 1913இல் கிரீட் கிரேக்கத்தோடு இணைந்தபின் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள்.

எதிரி உள்ளே வராமல் இருக்கக் கட்டிய சுவர், இப்போது உள்ளே இருப்பவர் வெளியே வராமல் இருக்கப் பயன்பட்டது. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்கள் என்று சொன்னேனே, அதுதான்.

பிளாக்காவிலிருந்து படகு பத்து நிமிஷம்கூட எடுக்காது. படகுக்காரர் ஒரு கையால் சுக்கான் பிடித்து மறுகையால் போன் பேசிக்கொண்டே கொண்டுவிட்டார். உள்ளே போக ஒரு சுரங்க வழி இருக்கிறது. வளைந்து, இருட்டாக, இருபது அடி தூரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. நோயாளிகள் இந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள். இத்தாலியக் கவி தாந்தேயின் நரக வாசலை நினைத்து இதற்கு 'தாந்தே வாசல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் நண்பன் அதற்குள் நின்று செல்பி எடுத்தான். நானும் சேர்ந்து நின்றேன், பொய் சொல்வானேன். வாசலைத் தாண்டியதும் கடைத்தெரு. அதற்கப்பால் வரிசையாக வீடுகள், மழைநீர்த் தொட்டிகள், துணி துவைக்கும் இடம், பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம், புனித பாந்தெலேமோன் கோயில். பாந்தெலேமோன் வைத்தியராக இருந்த புனிதர், நோயாளிகளின் காவலர். கோயில் வெனிஸ் காலத்தது, 1709. நோயாளிகள் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே அவர் வந்து காத்திருந்திருக்கிறார்.

முதல் முப்பது வருஷம் அந்தத் தீவில் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. டாக்டர் படகில் வந்து போவார். மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் கரையிலிருந்து வரும் தண்ணீர். மாதாமாதம் அரசு ஒரு சிறு தொகை கொடுத்தது. கல்யாணம் சட்டப்படி கூடாது. ஆனாலும் செய்துகொண்டார்கள். குழந்தைகளும் பிறந்தன. நோயில்லாத குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துக் கொண்டுபோய்விடுவார்கள்.

இங்கே பிளாக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல கட்டுரைகளில் தீவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எதிர்க்கரையை 'படகு புறப்படும் இடம்' என்று ஒரு வரியில் விட்டுவிடுகிறார்கள். தீவில் இருந்த சுமார் முந்நூறு பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது? காய்கறி, எண்ணெய், ரொட்டி, விறகு எல்லாம் இந்தக் கரையிலிருந்துதான் போயின. கிராமத்தவர்கள் தீவின் வாசலில் சந்தை போடுவார்கள். நோயாளிகளின் மாதப் படி அந்தச் சந்தையில் கைமாறி, கிருமி நீக்கப்பட்டு, பிளாக்காவுக்கும் எலுந்தாவுக்கும் வந்து சேர்ந்தது. நோயாளி தொட்ட காசு வேண்டியிருந்தது, தொட்ட கை வேண்டியிருக்கவில்லை. இதை நான் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தினமும் படகோட்டிப் போனவர்கள் இருந்தார்கள். மற்றக் கிரேக்கம் அதைக்கூடச் செய்யவில்லை.

1936இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் அந்தச் சுரங்கத்தின் வழியே உள்ளே போனார். பெயர் எப்பமினொண்டாஸ் ரெமுண்டாகிஸ். கிரீட்டைச் சேர்ந்தவர், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்தவர். என் வயதுதான் இருக்கும். (இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.) தீவில் அவர் பார்த்தது சாவுக்காகக் காத்திருக்கும் ஒரு கூட்டம். சில மாதங்களுக்குள் நோயாளிகளைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். புனித பாந்தெலேமோன் பெயரில் 'ஸ்பினலோங்கா நோயாளிகள் சகோதரத்துவம்'. சட்டம் படித்தவர் அல்லவா, அரசுக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று தெரியும். விடாமல் எழுதினார், கேட்டார், சண்டை போட்டார்.

தெருக்களைச் சுத்தம் செய்தார்கள். வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். காபிக் கடை வந்தது, முடிவெட்டும் கடை வந்தது, நாடகம் போட்டார்கள். ஜெனரேட்டர் வந்து மின்விளக்கு எரிந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே தீவில் விளக்கு எரிந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படியானால் சில வருஷம் பிளாக்காவில் மண்ணெண்ணெய் விளக்கும், எதிரே குஷ்டரோகிகளின் தீவில் மின்விளக்கும் இருந்திருக்கும். கரையில் உட்கார்ந்து அதைக் கற்பனை செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1939இல் நடந்த வேலை. தீவைச் சுற்றி ஒரு பாதை போட வேண்டும் என்று கேட்டு, அதற்காகக் கோட்டையின் சில பகுதிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொல்லியல்காரர்கள் இதைப் படித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். முந்நூற்றறுபது வருஷத்து வெனிஸ் சுவர்! ஆனால் சுவருக்குள்ளேயே கிடந்த மனிதனுக்கு, மாலையில் காலாற நடக்க ஒரு பாதையும் கடலைப் பார்க்க ஒரு வழியும் வேண்டியிருந்தது. அந்தப் பாதையில்தான் இன்று டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் சுற்றி வருகிறோம். பீரங்கிப் படையால் செய்ய முடியாமல் போனதைச் செய்தது நோயாளிகளின் சங்கம்.

இப்போது நோயைப் பற்றி. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நார்வே டாக்டர் ஹான்சன் 1873இலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். பரம்பரைச் சாபம் அல்ல, பாவத்தின் சம்பளம் அல்ல என்பது ஸ்பினலோங்கா தொடங்குவதற்கு முப்பது வருஷம் முன்பே தெரிந்துவிட்ட விஷயம். ஆனால் மருந்து இல்லை. கிருமி என்று தெரிந்ததும் பயம் குறைவதற்குப் பதிலாக, ஒதுக்கிவைப்பதற்கு அறிவியல் காரணம் கிடைத்துவிட்டது. உண்மையில் மனிதரில் 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. தொற்றும் நோய்களிலேயே மிகச் சோம்பேறியான நோய் இது.

விரல்கள் அழுகி விழும் என்று நாம் நினைப்பதும் தவறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. சுடுபாத்திரத்தைப் பிடித்தால் சுடுவது தெரியாது, காலில் முள் ஏறினால் தெரியாது. காயம் மேல் காயம் பட்டுப் பட்டுத்தான் விரல் தேய்கிறது. இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது நம் வேலூரில். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மறுபடி வேலை செய்யவைத்தார்.

மருந்துக்கும் நம்மூர்த் தொடர்பு ஒன்று உண்டு. டாப்சோன் என்ற வேதிப்பொருளை 1908இல் ஜெர்மனியில் தயாரித்தார்கள். வேதியியல் ஆராய்ச்சியின் போக்கில் செய்தது, எந்த நோய்க்கும் அல்ல. ஸ்பினலோங்காவுக்கு முதல் நோயாளிகள் போய் நான்கே வருஷத்தில் மருந்து ஓர் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது, அதுதான் மருந்து என்று முப்பது வருஷத்துக்குமேல் யாருக்கும் தெரியாது! 1941இல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமின் என்ற மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. ஆனால் அது விலை அதிகம், நரம்பில் ஊசியாகப் போட வேண்டும். மலிவான டாப்சோனையே கொடுக்கலாமா என்று முதன்முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் காக்ரேன். அவர் 1940களின் பிற்பாதியில் அதைச் செய்தது செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில். பிறகு அது மாத்திரையாக உலகம் முழுவதும் போனது. அந்தக் குடும்பத்து மருந்துகள் ஸ்பினலோங்காவுக்கும் வந்தன. மனிதர்கள் குணமானார்கள். 1957இல் தீவு மூடப்பட்டது.

மிச்சமிருந்த நோயாளிகளை ஏதென்ஸில் உள்ள மருத்துவமனைக்கு மாற்றினார்கள். தீவில் ஒரே ஒருவர் மட்டும் போகவில்லை. பாதிரியார். கிரேக்க வைதீகத் திருச்சபையில் ஒருவர் இறந்தால் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒன்று, மூன்று, ஐந்தாம் வருஷங்களில் நினைவு வழிபாடு செய்ய வேண்டும். கடைசியாக இறந்தவருக்கு ஐந்து வருஷம் முடியாமல் எப்படிப் போவது? அவர் 1962 வரை இருந்து, முடித்துவிட்டுத்தான் கரை ஏறினார். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதை ஒரு மனிதராவது கணக்கு வைத்துச் செய்திருக்கிறார். கல்லறைத் தோட்டம் தீவின் மேல் ஓரத்தில் இருக்கிறது. சிமெண்டுப் பலகை போட்ட குழிகள். எதிலும் பெயரைப் பார்க்கவில்லை.

ரெமுண்டாகிஸும் ஏதென்ஸுக்குப் போனார். அதற்குள் பார்வையும் போய்விட்டிருந்தது. 1973இல் வெளிவந்த 'லார்த்ர' என்ற பிரெஞ்சு ஆவணப்படத்தில் அவர் முகம் முழுத்திரையில் வருகிறது. கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுகிறார். பார்வையற்றவர் என்பதால் 'பார்த்து' என்று சொல்வது தப்புத்தான், ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. இரக்கம் கேட்கிற பேச்சு ஒன்றும் இல்லை. படம் பிடிக்க வருகிறவர்களையே அவர் நம்பவில்லை, அதை முகத்துக்கு நேராகச் சொல்கிறார். 1978இல் இறந்தார்.

1957க்குப் பிறகு பிளாக்காவுக்கு என்ன ஆயிற்று? சந்தை போயிற்று. சாமான் படகுகள் நின்றன. ஊர் மறுபடி மீனை மட்டும் நம்பி அமைதியாகிவிட்டது. பிறகு சுற்றுலா மெல்ல வந்தது. 2005இல் விக்டோரியா ஹிஸ்லாப் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்தத் தீவையும் பிளாக்காவையும் வைத்து ஒரு நாவல் எழுதினார், லட்சக்கணக்கில் விற்றது. 2010இல் அது கிரேக்கத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. இப்போது ஸ்பினலோங்காவுக்குக் கோடையில் கூட்டம் தாங்காது என்கிறார்கள். பிளாக்காவின் படகுகள் மறுபடி ஓடுகின்றன. அதே துறை, அதே தூரம். அன்று யாரும் போக விரும்பாத இடத்துக்கு இன்று வரிசையில் நிற்கிறோம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் 2014 முதல் இடம்பெற்றிருக்கிறது.

சாயங்காலம் கடைசிப் படகு திரும்பிய பிறகு பிளாக்கா சட்டென்று அடங்கிவிட்டது. நண்பன் மீன் முள்ளோடு போராடிக்கொண்டிருந்தான். கரையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டேன். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஆயாதான் எடுத்தது. அம்மா கடைக்குப் போயிருந்தார். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, குளிருமா என்று வழக்கமான கேள்விகள். நான் சும்மா இருக்காமல் தீவைப் பற்றிச் சொன்னேன். முதலில் 'தொழுநோய்' என்றேன், ஆயாவுக்குப் புரியவில்லை. 'குஷ்டம்' என்றதும் அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று "ஆயா, ஆயா" என்றேன்.

"இருக்கேன் சொல்லு" என்றது.

சொன்னேன். சுரங்கம், சந்தை, பாதை, மருந்து, பாதிரியார் எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு ஆயா கேட்டது ஒரே கேள்வி.

"அங்க இருந்தவங்கள பாக்க அவங்க வூட்டு ஜனங்க போவாங்களாமா?"

எனக்குத் தெரியவில்லை. சிலர் போயிருப்பார்கள், பலர் போயிருக்க மாட்டார்கள் என்று மழுப்பினேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய போட்டோ உண்டு. ஆயாவின் அப்பா, அம்மா, தங்கைகள், பக்கத்தில் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். யார் என்று சின்ன வயதில் கேட்டபோது, "எங்க அண்ணன், வடக்க வேலைக்குப் போய்ட்டாரு" என்று சொல்லியிருந்தது. வடக்கே என்றால் பம்பாயோ டெல்லியோ என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணனும் ஆஸ்பத்திரிலதான்டா இருந்தாரு. மாத்திர குடுத்தாங்க, எல்லாம் சரியாப் போச்சு. டாக்டரு வூட்டுக்குப் போவலாம்னு சொல்லிட்டாரு. அவருதான் வரல. தங்கச்சிங்களுக்கு மாப்ள வரமாட்டான்னு அங்கயே தோட்ட வேல பாத்துக்கினு இருந்துட்டாரு. நான் ரெண்டு தபா போயிருக்கேன், அம்மாகூட. அதுக்கப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. போவல."

உலகில் இன்றும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு லட்சம் பேருக்குச் சற்றுக் குறைவாகப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. அதில் பாதிக்குமேல் இந்தியாவில். கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணம். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் நாட்டுச் சட்டங்களில் இருந்த விதியை நாடாளுமன்றம் எடுத்ததே 2019இல்தான். இதையெல்லாம் ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். அன்றைக்குப் போனில் எனக்குக் கேட்கத் தோன்றியது வேறு.

"அவர் பேர் என்ன ஆயா?"

சொன்னது. என் வாழ்க்கையில் அன்றுதான் அந்தப் பெயரை முதல்முறை கேட்டேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதிரே ஸ்பினலோங்காவின் சுவரில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் ஆயாவிடம் சொன்னேன். எழுதிக்கோ, ஆனால் பேர் மட்டும் போடாதே, சித்தி பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றது. போடவில்லை.